ஒரே நாளில் இடிப்பு, ஆறரை ஆண்டு தவிப்பு

மும்பையில் ரயில் பாதைகளுக்கு மேலே நின்ற பிரிட்டிஷ் காலத்துப் பாலங்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. புதிய பாலம் வரும்வரை விலை கொடுப்பவர்கள், தினமும் அதைக் கடந்தவர்கள்.

2016 ஜனவரி 10, ஞாயிற்றுக்கிழமை. மும்பை சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு ரயில் நிலையத்துக்கு அருகே சுமார் 18 மணி நேரம் ரயில்கள் நின்றன. ராட்சத கிரேன்களும் காஸ் கட்டர்களும் வேலையை முடித்தபோது, 1879இல் கட்டப்பட்டு 1923இல் புதுப்பிக்கப்பட்ட ஹான்காக் பாலம் இருந்த இடத்தில் வெறும் வானம்தான் தெரிந்தது.

இடித்ததில் தவறில்லை. மும்பை புறநகர் ரயில்கள் 1,500 வோல்ட் நேர் மின்சாரத்திலிருந்து 25,000 வோல்ட் மாறு மின்சாரத்துக்கு மாறின. உயர் அழுத்தக் கம்பிக்கும் பாலத்தின் அடிப்பகுதிக்கும் போதிய இடைவெளி வேண்டும். ஹான்காக் பாலம் அதற்கு மிகத் தாழ்வாக இருந்தது.

தவறு அடுத்த நாள் காலை தொடங்கியது. டோங்ரிக்கும் மஸகானுக்கும் இடையே தினமும் போய்வந்த பள்ளிப் பிள்ளைகளும் கூலித் தொழிலாளர்களும் சுற்றிப் போக வேண்டும். இல்லாவிட்டால் தண்டவாளத்தில் இறங்கிக் கடக்க வேண்டும். பலர் இறங்கினார்கள். சிலர் ரயிலில் அடிபட்டு இறந்தார்கள். நடந்து போகவாவது ஒரு தற்காலிகப் பாலம் கேட்டு வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றம்வரை போயிற்று. புதிய பாலத்தில் வாகனங்கள் ஓடத் தொடங்கியது 2022 ஆகஸ்ட் 1 அன்று. இடையில் ஆறரை ஆண்டுகள் கழிந்திருந்தன.

மஸ்ஜித் பந்தரின் கார்னாக் பாலத்தின் கதையும் ஏறக்குறைய இதுதான். 1868இல் கட்டப்பட்ட அந்தப் பாலம், மொத்த வியாபாரக் கடைகள் நெருக்கியடிக்கும் பகுதியைத் துறைமுகப் பக்கத்தோடு இணைத்தது. அது பலவீனமடைந்துவிட்டதால் கனரக வாகனங்களுக்கு 2014இலேயே தடை விதிக்கப்பட்டது. ஆனால் இடிக்க நாள் குறித்தது 2022 நவம்பரில். 27 மணி நேர ‘மெகா பிளாக்’கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புறநகர் ரயில்கள் ரத்தாயின. பாலத்தின் பெயர் பொறித்த கற்களை மத்திய ரயில்வே பத்திரப்படுத்திக்கொண்டது. கற்களுக்குக் கிடைத்த கவனிப்பு கைவண்டிக்காரர்களுக்குக் கிடைக்கவில்லை. புதிய பாலம் ‘சிந்தூர்’ என்ற பெயரில் 2025 ஜூலை 10 அன்றுதான் திறக்கப்பட்டது.

ஏன் இத்தனை தாமதம்? தண்டவாளத்துக்கு மேலே ஓர் ஆணி அடிக்கவும் ரயில்வேயின் அனுமதி வேண்டும். இரு பக்கமும் ஏறி இறங்கும் சாலை மாநகராட்சியின் பாடு. சாலையை ஒட்டிக் குடியிருப்பவர்களுக்கு மாற்று இடம் தர வேண்டும். ரயில்களை நிறுத்தி வேலை செய்ய இரவில் சில மணி நேரமே கிடைக்கும். எல்லாமே நியாயமான காரணங்கள்தான். ஆனால் இவற்றில் ஒன்றுகூட பாலத்தை இடித்த பிறகு தெரியவந்ததல்ல.

நினைத்தால் விரைவாகக் கட்ட முடியும் என்பதற்கும் மகாராஷ்டிரத்திலேயே சாட்சிகள் உண்டு. 2016 ஆகஸ்ட் 2 இரவு, மும்பை - கோவா நெடுஞ்சாலையில் மகாட் அருகே சாவித்திரி ஆற்றின் மேல் இருந்த பிரிட்டிஷ் காலத்துப் பாலத்தை வெள்ளம் அடித்துச் சென்றது. இரண்டு அரசு பஸ்களும் பயணிகளோடு ஆற்றில் போயின. 2017 ஜூனில் அங்கே புதிய பாலம் தயார். 2017 செப்டம்பர் 29 அன்று எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலைய நடைபாலத்தின் நெரிசலில் 23 பேர் இறந்தார்கள். ராணுவப் பொறியாளர்கள் வந்தார்கள். 2018 பிப்ரவரி 27 அன்று புதிய நடைபாலம் திறக்கப்பட்டது.

ஆற்றில் பாலம் கட்டுவதும் ஓடும் ரயில்களுக்கு மேலே வாகனப் பாலம் கட்டுவதும் ஒன்றல்ல என்று பொறியாளர்கள் சொல்லலாம். உண்மைதான். ஆனால் ஒரு நடைபாலத்தை ஐந்தே மாதத்தில் கட்ட முடிந்த நகரத்தில், ஹான்காக் பகுதி மக்கள் அதையே கேட்டு நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது. கூட்டமாகச் செத்தால் பாலம் வருகிறது. ஒவ்வொருவராகச் செத்தால் கோப்புதான் நகர்கிறது.

2025 செப்டம்பர் 12 இரவு, பரேலையும் பிரபாதேவியையும் இணைத்த நூற்றாண்டு கண்ட எல்ஃபின்ஸ்டன் சாலைப் பாலமும் வாகனங்களுக்கு மூடப்பட்டது. அங்கே வரவிருப்பது இரண்டடுக்குப் பாலம். மேல் அடுக்கு, அடல் சேது கடல் பாலத்திலிருந்து வோர்லிக்குப் போகும் வாகனங்களுக்கானது. பரேல் பக்கம் கே.ஈ.எம்., டாடா, வாடியா என்று பெரிய மருத்துவமனைகள் இருக்கின்றன. மாற்று ஏற்பாட்டைக் கேட்டு அப்பகுதி மக்கள் முன்கூட்டியே போராடிப் பார்த்தார்கள்.

வயதான பாலத்தை இடிக்கத்தான் வேண்டும்; சாவித்திரி ஆறு கற்பித்த பாடம் அது. ஹான்காக் கற்பித்த பாடம் வேறு: இடிக்கும் தேதியைக் குறிப்பதற்கு முன்பே, மக்கள் நடந்து போக ஒரு வழியைத் திறந்துவைக்க வேண்டும்.