முகப்பரு அழகுக் குறை மட்டுமா?

கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் காலைப் பேருந்துகளில் கல்லூரிப் பிள்ளைகளின் கூட்டம் மிகுதி. சென்ற ஆண்டு ஒருநாள் நாம் அவ்வழியே சென்றபோது, அறிமுகமான தாய் ஒருவர் மகளுடன் ஏறி அருகில் அமர்ந்தார். மகளுக்கு வயது இருபத்தொன்று. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயில்கிறாள். வழிநெடுகத் துப்பட்டாவால் கன்னத்தை மறைத்தபடியே இருந்தாள். தாய் மெல்லிய குரலில் சொன்னார்: “முகமெல்லாம் பருவாய் இருக்கிறதே ஐயா, பெண் பார்க்க வரச் சொல்லவே தயக்கமாக இருக்கிறது. எண்ணெய்ப் பலகாரத்தைத் தொட விடுவதில்லை. வேப்பிலை அரைத்துப் பூசியாயிற்று. கடையில் கேட்டு ஒரு களிம்பும் வாங்கினோம். கல்யாணம் ஆனால் தானே போய்விடும் என்கிறார்கள்.”

நம் குடும்பங்களில் எத்தனையோ தாய்மார் சொல்லக் கேட்ட சொற்கள்தாம் இவை. ஆகவே இதனைச் சற்று விரிவாக எழுதத் துணிந்தோம்.

பருவ வயதில் பரு வருதல் இயற்கை. நம் மொழியே இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்திருக்கிறது. தோலின் மயிர்க்கால்களை ஒட்டி எண்ணெய் சுரக்கும் சிறு சுரப்பிகள் உண்டு. ஆண் ஹார்மோன் (இது பெண்களின் உடலிலும் சிறிதளவு ஊறுவதே) அவற்றைத் தூண்டுகிறது. எண்ணெய் மிகுந்து, உதிர்ந்த தோற்செதில்களால் மயிர்க்காலின் வாய் அடைபட்டு, உள்ளே வாழும் நுண்ணுயிர் பெருகி, அவ்விடம் சிவந்து வீங்குமாயின் அதுவே பரு. அழுக்கினால் வருவதன்று. நாளுக்குப் பத்து முறை சோப்புப் போட்டுத் தேய்ப்பதால் தோல் வறளுமேயன்றிப் பரு அடங்காது.

இதில் சர்க்கரை எங்கே வந்தது? தீட்டிய அரிசிச் சோறு, மைதாப் பண்டங்கள், இனிப்புப் பானங்கள் ஆகியன விரைவில் செரித்துக் குருதியில் சர்க்கரையை ஏற்றுகின்றன. அதனை அடக்கக் கணையம் இன்சுலினை மிகுதியாகச் சுரக்கிறது. இன்சுலினோ அந்த ஒரு வேலையோடு ஓய்வதில்லை. சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனை மிகுதியாக ஊறச் செய்கிறது. அந்த ஹார்மோனைக் கட்டிவைக்கும் புரதத்தைக் கல்லீரல் உண்டாக்குவதையும் குறைக்கிறது. கட்டவிழ்ந்த ஹார்மோன் எண்ணெய்ச் சுரப்பிகளை நாடிச் செல்கிறது. பருவ வயதில் உடல் இன்சுலினுக்கு இணங்குவது இயல்பாகவே சற்றுக் குறைவதால் கணையம் அப்போது கூடுதலாக உழைக்க நேரிடுகிறது. பரு அவ்வயதில் மிகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லையென்று மருத்துவ நூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. 1969இல் அமெரிக்காவில் நடந்த சாக்லேட் ஆய்வை அதற்குச் சான்றாகக் காட்டுவர். 65 பேருக்குச் சாக்லேட்டையும் சாக்லேட் கலவாத மிட்டாயையும் மாற்றி மாற்றித் தந்து பார்த்து, வேறுபாடில்லை என்றனர். ஆனால் அந்த மாற்று மிட்டாயிலும் சர்க்கரையும் கொழுப்பும் தாராளமாக இருந்தன! கள்ளையும் சாராயத்தையும் ஒப்பிட்டு, இரண்டிலும் மயக்கம் ஒன்றே, எனவே குடிக்கும் மயக்கத்துக்கும் தொடர்பில்லை என்பது போன்ற வாதம் இது.

2002இல் லோரன் கோர்டெயின் குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டிற்று. பப்புவா நியூகினியைச் சேர்ந்த கிட்டாவாத் தீவில் 1,200 பேரைப் பரிசோதித்தும் ஒருவரிடமும் பரு காணப்படவில்லை. கிழங்கும் பழமும் மீனும் தேங்காயும் அவர்களின் உணவு. தேங்காய்ச் சட்டினியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் தாய்மார் இதைக் கவனிப்பார்களாக. 2007இல் மெல்போர்னில் 43 இளைஞரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவைத் தந்தனர். 12 வாரங்களில் அவர்களின் பருக்கள் மற்றப் பிரிவினரைவிட ஏறத்தாழ இரு மடங்கு குறைந்தன. அவர்கள் உடல் எடையும் குறைந்ததால், பலன் உணவினாலா எடைக் குறைவினாலா என்று அறுதியிட இயலவில்லை. பரம்பரையின் பங்கும் பெரிது.

நம் மாவட்டமோ கரும்பு மாவட்டம். நாட்டின் மிகப் பழைய சர்க்கரை ஆலைகளுள் ஒன்று நெல்லிக்குப்பத்தில் இருக்கிறது. தமிழகத்துக் குழந்தைகள் பல தலைமுறையாகச் சுவைத்த பாரி மிட்டாயும் அவ்வூரில் தயாரானதே. தமிழகத்தில் வயது வந்தோருள் நூற்றுக்குப் பதினால்வருக்கு மேல் நீரிழிவு உடையோர் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. சிதம்பரத்துக் கத்தரிக்காய் கொத்சுவின் மேல் நமக்கு வழக்கொன்றுமில்லை. அதனோடு எட்டு இட்லி இறங்குவதில்தான் வழக்கு. இட்லியைக் குறைத்துச் சுண்டலையும் கீரையையும் கூட்டலாம். கடலூர் முதுநகரில் மத்தி மீனுக்குப் பஞ்சமில்லை.

எல்லாப் பருவும் நோயின் அறிகுறி என்று எண்ணி அஞ்ச வேண்டா. அதனோடு கூட வருவனவற்றையே நோக்க வேண்டும். பிடரியும் அக்குளும் கறுத்து, வெல்வெட்டுத் துணி போல் தோல் தடித்திருக்கிறதா? அழுக்கென்று எண்ணிப் பீர்க்கம் நாரால் தேய்க்கிறோமே, அது பெரும்பாலும் உடல் இன்சுலினுக்கு இணங்கவில்லை என்பதன் அடையாளம். பெண்ணாயின், மாதவிலக்கு இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிறதா? மோவாயில் மயிர் முளைக்கிறதா? இருபத்தைந்து கடந்தும் தாடையோரம் பரு நீடிக்கிறதா? மக்கள் ‘நீர்க்கட்டி’ என்று சொல்லும் சினைப்பைக் கோளாறாக இருக்கலாம். சிகாகோ மருத்துவர்களான ஸ்டெயினும் லெவெந்தாலும் 1935இல் விவரித்தது இதனையே. ஒல்லியான பெண்ணுக்கும் இது வருவதுண்டு. அவள் குற்றமன்று, சோம்பலுமன்று.

திருமணத்தால் இது தீராது. மறைத்து மணமுடித்து, பின்பு பிள்ளைப்பேறு தாமதமாகுமாயின், பழி முழுவதும் அவள் தலையிலேயே விழுகிறது. முன்பே அறிந்தால் உணவாலும் நடையாலும் மருந்தாலும் கட்டுப்படுத்தக்கூடிய கோளாறு. உரிய சிகிச்சையால் தாய்மை அடைந்தோர் பலர்.

களிம்பைப் பற்றியும் ஒரு சொல். மருத்துவர் சீட்டின்றி வாங்கும் சில களிம்புகளில் ஸ்டீராய்டு இருக்கிறது. முதல் வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து, பரு முன்னிலும் பெருகும். பேருந்தில் கண்ட பெண் பூசிவந்ததும் அத்தகையதே. அவளுடைய பிடரியையும் நாம் கவனித்தோம். சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், தோல் மருத்துவரிடமும் மகளிர் மருத்துவரிடமும் காட்டும்படி தாயிடம் கூறினோம்.

இரு மாதம் கழித்து அவரைக் கண்டோம். மகளுக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்ததாம். மருத்துவர், “அம்மா, நீங்களும் இரத்தம் கொடுத்துப் பாருங்கள்” என்றாராம். தாய்க்கு நீரிழிவு உறுதியாயிற்று. அதுவரை அவருக்கே தெரியாது. இப்போது மாலைதோறும் இருவரும் தேவனாம்பட்டினம் கடற்கரையில் நடக்கின்றனர். பரு முற்றிலும் ஆறவில்லை. சில மாதங்களாகும் என்று மருத்துவர் முன்னரே சொல்லியிருக்கிறார். பெண் பார்க்கும் நாளை மகளின் தேர்வு முடியும்வரை தள்ளிவைத்துவிட்டதாகத் தாய் சொன்னார்.