பவளப்பாறையின் மூட்டைப்பூச்சி

காலேஜ் ஹாஸ்டல்ல நாலு வருஷம் இருந்தவன் நான். மூட்டைப்பூச்சி பத்தி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பகல்ல கட்டில் இடுக்குல ஒளிஞ்சிருக்கும், ராத்திரி வந்து ரத்தம் குடிக்கும், விடியறதுக்குள்ள காணாமப் போயிடும். பவளப்பாறை மீன்களுக்கும் இதே மாதிரி ஒரு தொல்லை இருக்கு. பேரு நாத்தியிட். ஸ்பெல்லிங்ல முதல்ல ஒரு ‘ஜி’ வரும், அதைக் கண்டுக்காதீங்க.

இது பூச்சி இல்லை. இறால், நண்டு வகையறா. நீளம் சில மில்லிமீட்டர்தான். குட்டிப் பருவத்துல மட்டும்தான் ஒட்டுண்ணி. மூணு கட்டமா ஏதாவது ஒரு மீன் மேல ஏறி வயிறு முட்டக் குடிக்கும், கீழே இறங்கி ஓட்டை உரிக்கும். வளர்ந்த பிறகு? சாப்பிடவே சாப்பிடாது!

கை இல்லாத மீன் என்ன பண்ணும்? கிளீனர் ராஸ்னு விரல் நீளத்துல ஒரு மீன் இருக்கு, உடம்புல கறுப்புக் கோடு போட்டிருக்கும். அதுகிட்ட போய், சலூன்ல நிக்கிற மாதிரி அசையாம நிக்கும். அது ஒவ்வொண்ணா பொறுக்கித் தின்னும். ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப்ல, லிசர்ட் தீவுல, அலெக்ஸாண்ட்ரா கிரட்டர் இதை எண்ணியே பார்த்தாங்க. 1996-ல வந்த அவங்க ஆய்வுப்படி, ஒரு கிளீனர் ஒரு நாளைக்குச் சராசரியா 1,200 நாத்தியிட் தின்னுது.

இதுல எனக்குப் பிடிச்ச திருப்பம் ஒண்ணு இருக்கு. கிளீனருக்கு நாத்தியிட் அவ்வளவா பிடிக்காது. மீன் உடம்பு மேல இருக்கிற வழவழப்புதான் அதுக்கு ருசி. சான்ஸ் கிடைச்சா அதைக் கடிச்சிடும். கடிபட்ட மீன் வெடுக்குனு உதறும், சில சமயம் துரத்தும், இல்ல வேற கிளீனரைத் தேடிப் போயிடும். வாடிக்கையாளர் போயிடுமேங்கிற பயத்துலதான் கிளீனர் பிடிக்காத சாப்பாட்டைச் சாப்பிடுது.

சரி, கிளீனரே இல்லைன்னா? ஐ.டி.ல இருக்கறவங்களுக்கு ‘ஸ்க்ரீம் டெஸ்ட்’ தெரியும்: சர்வரை ஆஃப் பண்ணிட்டு யார் கத்துறாங்கன்னு பார்க்கிறது. லிசர்ட் தீவுல அதையேதான் செஞ்சாங்க. சில சின்னப் பாறைத்திட்டுகள்ல இருந்து கிளீனர்களை எடுத்துட்டு, எட்டரை வருஷம் திரும்ப வர விடல. கடைசியில எண்ணினா, அங்கேயே வாழற மீன்கள் 37 சதவீதம் கம்மி. மீன் வகைகள் 23 சதவீதம் கம்மி.

இதைப் படிச்ச வாரம்தான் ஒரு அலங்கார மீன் கடைக்குப் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு தொட்டியைக் காட்டி, “இது கிளீனர் சார், கடல்ல பிடிச்சது”ன்னார். அழகாத்தான் இருந்தது. அந்தக் கண்ணாடித் தொட்டியில அதுக்குத் தினமும் 1,200 நாத்தியிட்டுக்கு எங்கே போறது? வாங்காம வந்துட்டேன்.