மடக்கு ஸ்கூட்டர்: வாங்குமுன் கவனிக்க

முதிய பெற்றோருக்கு மடக்கக்கூடிய மின் ஸ்கூட்டர் வாங்க விரும்புவோர் முதலில் எண்ண வேண்டியது, அதைத் தூக்கப்போவது யார் என்பதையே. மகன் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பணிக்குச் சென்றபின், தாயாரே தந்தையாரை மருத்துவமனைக்கு அழைத்து வர நேரிடலாம். ஆகவே வண்டியின் மொத்த எடையோடு, கழற்றியபின் மிகக் கனமாக உள்ள பகுதியின் எடையையும் கேளுங்கள். தூக்குபவரே கடையில் தூக்கிப் பார்க்கட்டும்.

மூன்று சக்கர வண்டி குறுகிய இடத்தில் எளிதில் திரும்பும். மேடுபள்ளமான தெருவில் நான்கு சக்கர வண்டியே நிலையானது.

பார்வைக் குறைவு, மறதி, மயக்கம் உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் ஓட்டலாகாது. இயன்ற தூரத்தைப் பெற்றோர் நடந்தே கடக்கட்டும். இல்லையேல் கால்கள் வலுவிழக்கும்.

வறுமைக்கோட்டிற்குக் கீழுள்ள, 60 வயது நிறைந்தோருக்கு 2017இல் தொடங்கிய மத்திய அரசின் ராஷ்ட்ரீய வயோஸ்ரீ திட்டத்தில் சக்கர நாற்காலி விலையின்றி வழங்கப்படுகிறது.