மரபணு கூண்டேறினால்

தோசை மாவு மார்கழியில் மந்தமாகக் கிடக்கும். அதே உளுந்தை அதே கை அரைத்து வைத்தாலும், சித்திரையில் விடிவதற்குள் பாத்திரத்தை மீறித் தரையில் வழிந்திருக்கும். குற்றம் உளுந்தினுடையதா, வெக்கையினுடையதா? இரண்டும் கூடினால்தான் பொங்கும்.

கொலை வழக்குகளில் மரபணுவைச் சாட்சியாக்கும் வாதமும் இப்படித்தான் இயங்குகிறது. அங்கே உளுந்து, எம்ஏஓஏ என்னும் மரபணு. மூளையில் செரட்டோனின் போன்ற வேதிப்பொருள்களைச் சிதைக்கும் நொதி அதன் வழியே உருவாகிறது. சிலருக்கு அது குறைவாக உருவாகும். வெக்கை, சிறுவயதில் பட்ட கொடுமை. நியூசிலாந்தின் டனீடினில் பிறந்த பிள்ளைகளைப் பல்லாண்டு தொடர்ந்த ஆய்வொன்று 2002இல் வெளிவந்தது. இவ்விரண்டும் சேர்ந்த ஆண்களிடம் வன்முறை கூடுதலாகக் காணப்பட்டது என்றது அது.

அமெரிக்காவின் டென்னசியில் 2009இல் வால்ட்ரூப் வழக்கு விசாரணைக்கு வந்தது. மனைவியின் தோழியைச் சுட்டுக் கொன்று, மனைவியையும் வெட்டியவர் அவர். உளுந்தும் வெக்கையும் இரண்டுமே அவரிடம் உண்டு என்று மனநல நிபுணர் சாட்சியம் சொன்னார். அரசுத் தரப்பு மரண தண்டனை கேட்டிருக்க, ஜூரியோ திட்டமிட்ட கொலை என்பதை ஏற்கவில்லை. 32 ஆண்டுச் சிறையோடு முடிந்தது. அதே ஆண்டில் இத்தாலியின் த்ரியெஸ்தே மேல்முறையீட்டு நீதிமன்றமும் மரபணுவைக் காரணம் காட்டி ஒரு கொலையாளியின் தண்டனையில் ஓராண்டைக் குறைத்தது.

வாதம் சறுக்குவது எங்கே? இந்த உளுந்து வெயிலில் சீக்கிரம் பொங்கும் என்பது ஏராளமான பாத்திரங்களைப் பார்த்துச் சொல்வது. நேற்றிரவு இந்தப் பாத்திரம் ஏன் வழிந்தது என்பதற்கு அது விடையாகாது. ஐரோப்பிய வம்சாவளி ஆண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு நொதியைக் குறைவாக உருவாக்கும் அந்த வகை மரபணு இருக்கிறது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் கொன்றதில்லை. மேலும், மாவுக்கு மனம் கிடையாது. சட்டம் கேட்பதோ மனத்தைப் பற்றி: தெரிந்து செய்தாரா, நினைத்துச் செய்தாரா?

இந்தச் சாட்சியம் இருபுறமும் வெட்டும். பிறவியிலேயே இப்படி என்றால் இரங்கும் நீதிபதியும் உண்டு. அப்படியானால் வெளியே விடவே கூடாது என்று நினைப்பவரும் உண்டு. காப்பாற்ற வந்த மரபணுவே ஆயுளுக்கும் பூட்டிவிடலாம்.

குற்றமா இல்லையா என்று தீர்மானிக்கும் கட்டத்தில் இதற்கு இடம் தரக்கூடாது என்பதே என் முடிவு. தண்டனையை அளக்கும்போது குற்றவாளி குழந்தையாகப் பட்ட அடிகளை நீதிமன்றம் முழுதாகக் கேட்கட்டும். அதற்கு மரபணுச் சோதனை தேவையில்லை.