பழைய மோட்டார் வண்டியின் முன்விளக்கு

புனே நகரின் வடகிழக்கே உள்ளது லோஹேகாவ். 1939-ஆம் ஆண்டில் விமானப்படைத் தளமாக அமைக்கப்பெற்ற அவ்விடத்தில் இன்று பயணிகள் விமானங்களும் வந்திறங்குகின்றன. விமான நிலையத்தை நோக்கி இரவில் விரையும் புதிய வண்டிகளின் ஒளிவெள்ளத்திற்கிடையே, அரை நூற்றாண்டுக்கு முந்தைய அம்பாசிடர் காரோ பியட் காரோ வருமாயின், அதன் விளக்கு மின்மினி போலத் தோன்றும். ஓரமாக நடந்து செல்வோரை அதன் ஓட்டுநர் கண்டுகொள்வதும் அரிது. ஆதலின் உரிமையாளர் கடைக்குச் சென்று பெரிய பல்பு ஒன்றை வாங்கி மாட்டுகிறார். பெரும்பாலும் பயன் சிறிது, தீங்கு பெரிது. இதன் காரணத்தை ஆராய்தல் நன்று.

இழை பல்பின் ஒளி, அதற்குக் கிடைக்கும் மின்னழுத்தத்திற்கு நேர்விகிதமாகக் குறைவதில்லை; அதனினும் மிக விரைவாகக் குறைகிறது. மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் ஒளி ஏறத்தாழ பத்தில் மூன்று பங்கு குறைந்துவிடும். பழைய வண்டிகளில் பாட்டரியிலிருந்து புறப்படும் மின்னோட்டம் ஓட்டுநருக்கு எதிரேயுள்ள சுவிட்சு வரை வந்து, மங்கல் ஒளிக்கான சுவிட்சைக் கடந்து, மீண்டும் முகப்புக்குச் செல்கிறது. வழியிலுள்ள இணைப்புகள் யாவும் பல்லாண்டுகளாகக் களிம்பு ஏறியவை. தலா 60 வாட் கொண்ட இரு பல்புகள் 12 வோல்ட்டில் 10 அம்பியர் ஈர்க்கும். வழியில் 0.12 ஓம் தடை இருந்தாலே 1.2 வோல்ட் இழக்கப்படும். மேற்கூறிய பத்தில் ஒரு பங்கு இதுவே. அவற்றை அகற்றி 100 வாட் பல்புகளை மாட்டினால் மின்னோட்டம் 17 அம்பியரை நெருங்கும். கம்பியிலும் சுவிட்சிலும் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்திற்கேற்ப உயர்வதால், அஃது ஏறக்குறைய மும்மடங்காகிவிடும். சுவிட்சு கருகுவதும் கம்பியின் உறை உருகுவதும் இதனால்தான்.

எனவே முதலில் செய்யத்தக்கது பல்பை மாற்றுவதன்று, ரிலே பொருத்துவது. ரிலே என்பது சிறு மின்னோட்டத்தால் இயங்கும் மின்காந்தச் சுவிட்சு. பழைய சுவிட்சு ரிலேயின் சுருளை மட்டும் இயக்கும். விளக்கிற்கான மின்னோட்டமோ பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாகத் தடித்த கம்பியில் நேரே செல்லும். விளக்கின் பூமி இணைப்பையும் சுரண்டித் துலக்குதல் வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். ஆசிரியர்கள் மாணவர்க்கு எளிதில் காட்டத்தக்க சோதனை ஒன்று உண்டு. விளக்கு எரியும்போது பாட்டரியின் முனைகளிலும் பல்பின் முனைகளிலும் வோல்ட்டு மீட்டரை வைத்து அளந்தால், இரண்டிற்குமுள்ள வேறுபாடே வழியில் இழந்த மின்னழுத்தமாகும். ஓமின் விதியைக் கரும்பலகையில் விளக்குவதைவிட இது நன்கு மனத்தில் பதியும்.

நிற்க. அக்காலத்து டைனமோக்கள் பல 20 அம்பியர் அளவே தரவல்லவை. எஞ்சின் மெதுவாக ஓடுகையில் அதுவும் இல்லை. வைப்பர், ஹாரன், விளக்கு யாவும் சேர்ந்தால் பாட்டரியே சுமையைத் தாங்க நேரும். ஆல்டர்னேட்டர் பொருத்திய பிற்கால வண்டிகளுக்கு இத்தொல்லை குறைவு.

இனி ஒளியியல். விளக்கின் பின்புறமுள்ள குழியாடியின் குவியத்தில் இழை அமைந்தால் ஒளி இணைகதிராக நெடுந்தூரம் செல்லும். 1971-இல் வந்த எச்4 ஹாலஜன் பல்பில் மங்கல் ஒளிக்கான இழை குவியத்திற்குச் சற்று முன்னே இருக்கும். அதன் அடியில் ஒரு சிறு உலோகத் தட்டு. ஆதலால் ஆடியின் மேற்பாதி மட்டுமே ஒளிபெற்றுக் கதிர்களைக் கீழ்நோக்கி அனுப்பும். மேலே ஒரு தெளிவான வெட்டுக்கோடு கிடைக்கும். பழைய 45/40 வாட் பல்பைவிட 60/55 வாட் எச்4 பல்பின் மங்கல் ஒளி ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. அம்பாசிடரின் 7 அங்குல வட்ட விளக்கிற்கு இதற்கெனவே வடித்த கண்ணாடியும் ஆடியும் சேர்ந்த அமைப்பு கிடைக்கிறது. ஒன்று கவனிக்க: வெட்டுக்கோடு சாலையோரப் பக்கம் சற்று உயரும். வலப்பக்கம் செல்லும் நாடுகளுக்கெனச் செய்த விளக்கை இங்கே மாட்டினால், அவ்வுயர்ந்த ஒளி எதிரே வருபவர் கண்ணிலே பாயும். எல்.இ.டி. பல்பைப் பழைய ஆடியில் செருகுவதும் இத்தகையதே. ஒளி பிறக்கும் இடம் இழையின் இடத்தோடும் வடிவத்தோடும் பொருந்தாவிடில் ஒளி சிதறும். ஓட்டுநருக்குப் பிரகாசமாகத் தோன்றலாம்; எதிரே சைக்கிளில் வருபவரோ கண் கூசி நிலை தடுமாறுவார்.

இது குறித்துச் சட்டமும் உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106-ஆம் விதி, விளக்கிலிருந்து 8 மீட்டர் தொலைவில், 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணை மங்கல் ஒளி கூசச் செய்தலாகாது என்கிறது. வண்டிகளின் உறுப்புகளைச் சோதித்தறியும் இந்திய மோட்டார் வாகன ஆராய்ச்சிச் சங்கம் 1966-இல் தொடங்கப்பெற்றதும் இதே புனே நகரில்தான். 2021-இல் வந்த திருத்தத்தின்படி, 50 ஆண்டுகளைக் கடந்து மூல வடிவில் பேணப்படும் வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்யலாம். அப்பதிவை நாடுவோர், கழற்றிய பழைய விளக்கையும் கம்பிகளையும் எறிந்துவிடாது பெட்டியில் பத்திரப்படுத்துவது நல்லது. ரிலேயை மறைவாக, துளையிடாது பொருத்த இயலும்.

பொருத்தியபின் விளக்கின் நோக்கைச் சரிபார்க்கச் சமதளமும் ஒரு சுவருமே போதும். 10 மீட்டர் தொலைவில் வண்டியை நிறுத்தி, விளக்கின் மைய உயரத்தைச் சுவரில் குறித்துக்கொள்க. மங்கல் ஒளியின் வெட்டுக்கோடு அக்குறிக்கு 10 செ.மீ. கீழே விழுமாறு திருகுகளைத் திருப்புக. 70 செ.மீ. உயரமுள்ள விளக்காயின் அக்கோடு 70 மீட்டர் தொலைவில் சாலையைத் தொடும். பின்னிருக்கையில் ஆட்களோ சாமானோ வழக்கமாக ஏறுமாயின், அச்சுமையை ஏற்றிய பின்னரே இதைச் செய்தல் வேண்டும். பின்புறம் தாழ்ந்தால் முகப்பு நிமிர்ந்து, திருத்திய ஒளியும் மேலெழும்.