புலம்பெயர் தமிழர் தொலைக்காட்சி

புலம்பெயர் தமிழர் தொலைக்காட்சி என்பது தாயகத்திற்கு வெளியே வாழும் தமிழர்களுக்காகத் தமிழில் நடத்தப்படும் ஒளிபரப்பைக் குறிக்கும். இது நாட்டுக்கு நாடு வேறுபட்ட வழிகளில் வளர்ந்தது.

சிங்கப்பூர், மலேசியா

சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்று. எனவே 1963இல் தொலைக்காட்சி தொடங்கிய காலம்முதல் தமிழுக்கும் இடம் கிடைத்தது. 2008 அக்டோபரில் ‘வசந்தம்’ முழுநேர அலைவரிசையானது. மலேசியாவில் 1996இல் தொடங்கிய ஆஸ்ட்ரோ கட்டணச் சேவையில் ‘வானவில்’ இடம்பெற்றது.

ஐரோப்பா, கனடா

பிரித்தானியாவில் பிபிசி 1965இல் தெற்காசியக் குடியேறிகளுக்கான நிகழ்ச்சியை இந்தி, உருது மொழிகளில் தொடங்கியது. அவர்கள் ஆங்கிலம் கற்று அந்நாட்டு வாழ்க்கைக்குப் பழக உதவுவதே அதன் நோக்கம்.

1983 சூலை வன்முறைக்குப் பின் ஈழத்தமிழர் பெருமளவில் இடம்பெயர்ந்தனர். நோர்வே, சுவிட்சர்லாந்து, செருமனி எனச் சிதறி வாழ்ந்ததால் ஒவ்வொரு நாட்டிலும் தனி நிலையம் நடத்தும் அளவுக்கு நேயர்கள் இல்லை. ஒரே செயற்கைக்கோளின் வீச்சு ஐரோப்பா முழுவதையும் எட்டியதால் இத்தடை நீங்கியது. லண்டனிலிருந்து ‘தீபம்’, பாரிசிலிருந்து ‘டிடிஎன்’ ஆகியவை ஒளிபரப்பாயின. கனடாவில் டொராண்டோவிலிருந்து ‘டிவிஐ’ இயங்கியது.

வருவாயும் சிக்கல்களும்

சந்தாவும் உள்ளூர்த் தமிழ்க் கடைகளின் விளம்பரமுமே இத்தகைய நிலையங்களின் முதன்மை வருவாய். 1993 ஏப்ரல் 14இல் தொடங்கிய சன் தொலைக்காட்சி போன்ற தமிழக நிறுவனங்கள் பின்னர் வெளிநாடுகளிலும் கிடைத்தன. பெரும் செலவில் எடுக்கப்பட்ட திரைப்படங்களோடும் தொடர்களோடும் சிறு நிலையங்கள் போட்டியிட வேண்டியதாயிற்று. உரிமச் சட்டமும் மற்றொரு சவால். பிரான்சின் ஒழுங்குமுறை அமைப்பு தலையிட்டதையடுத்து 2007இல் டிடிஎன் ஒளிபரப்பு நின்றது.

இணையக் காலம்

இப்போது டிஷ் ஆன்டெனா இன்றியே இணையவழித் தமிழ் நிகழ்ச்சிகளைப் பார்க்கலாம். வடலூர் சத்திய ஞான சபையில் ஏழு திரைகள் விலக்கிக் காட்டப்படும் தைப்பூச சோதி தரிசனமும் நேரலையாகக் கடல் கடந்து செல்கிறது. ஆனால் தாயக நிகழ்ச்சிகள் எளிதில் கிடைப்பது உள்ளூர் நிலையத்திற்கு ஈடாகாது. குடியேறிய நாட்டின் வரி, பள்ளி, குடியுரிமை விதிகளைத் தமிழில் விளக்குவதும், அங்கே பிறந்த பிள்ளைகளைத் தமிழில் பேசவைத்து மேடையேற்றுவதும் சென்னையிலிருந்து நடக்கக்கூடியவை அல்ல. சிங்கப்பூரில் இப்பணிக்கு அரசின் ஆதரவு உண்டு. ஏனைய நாடுகளில் பெரும்பாலும் அது நேயர்களின் ஆதரவையே சார்ந்துள்ளது.