வையம்பட்டி வெயிலில் கிராபிக்ஸ் கார்டைக் குளிர்விப்பது

உயர்ரகக் கிராபிக்ஸ் கார்டு இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் வெப்பமாகத்தான் வெளியே வருகிறது. 2022 அக்டோபரில் விற்பனைக்கு வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090 முழு வேலையில் 450 வாட் வரை எடுத்துக்கொள்ளும். 2025 ஜனவரியில் வந்த 5090-க்கு அது 575 வாட். பழைய சீலிங் ஃபேன் ஆறு ஓடும் மின்சாரம், ஓர் அங்குலச் சதுரமே உள்ள சிப்பில் வெப்பமாக மாறுகிறது என்றால் பிரச்சினையின் அளவு புரியும். அந்த வெப்பத்தை உடனுக்குடன் அகற்றாவிட்டால், சிப் 90 டிகிரியை நெருங்கும்போது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும்.

சாதாரணக் கார்டுகளில் செப்புக் குழாய்களும் அலுமினியத் தகடுகளும் மூன்று ஃபேன்களும் இந்த வேலையைச் செய்கின்றன. தண்ணீர்க் குளிர்விப்பில் சிப்பின் மேல் செப்பாலான வாட்டர் பிளாக் உட்காரும். பம்ப் தள்ளும் நீர் அதன் நுண்ணிய வாய்க்கால்களில் ஓடி வெப்பத்தை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்குப் போகும். அங்கே ஃபேன் காற்று நீரைக் குளிர்விக்கும். ஆக, தண்ணீர் வெப்பத்தை இடம் மாற்றுகிறதே தவிர அழிப்பதில்லை. சிப்பில் கிளம்பிய 450 வாட்டும் அதே அறைக்குள்தான் இறங்குகிறது. தண்ணீர் போட்டால் அறையும் குளிர்ந்துவிடும் என்ற எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும்.

இதே முறையின் பெரிய வடிவம் திருச்சியிலேயே இருக்கிறது. தஞ்சாவூர் சாலையில் துவாக்குடியை ஒட்டிய தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் (என்.ஐ.டி.) 2022 மே 25 அன்று பரம் பொருள் என்ற சூப்பர் கம்ப்யூட்டர் தொடங்கிவைக்கப்பட்டது. தேசிய சூப்பர் கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் சி-டாக் நிறுவனம் அமைத்த அதன் திறன் 838 டெராஃபிளாப். கிராபிக்ஸ் சிப் பொருத்திய கணுக்களும் அதில் உண்டு. வெப்பத்தை வாங்கும் நீர்மம் சிப்களை ஒட்டியே ஓடும் நேரடித் தொடர்பு முறையில் அது குளிர்விக்கப்படுகிறது. அங்கே காரணம் மின்கட்டணம்: குளிரூட்டலுக்கு ஆகும் மின்சாரத்தைக் குறைத்தால் இயக்கச் செலவு குறையும். வீட்டிலோ ஸ்டூடியோவிலோ இருக்கும் ஒற்றைக் கார்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கிடைக்கும் லாபம் குறைந்த சத்தமும் குறைந்த சிப் வெப்பமும்தான்.

திருச்சி–திண்டுக்கல் சாலையில் மணப்பாறையைத் தாண்டினால் வரும் வையம்பட்டி போன்ற வறண்ட ஊரில், எதை வாங்குவது என்பதை அறையின் வெப்பமே தீர்மானிக்கிறது. வெளிநாட்டு விமர்சனங்கள் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி அறையில் வைத்துச் சோதித்தவை. இங்கே மே மாதப் பகலில் வெளியே 40 டிகிரியைத் தொடும், ஏ.சி. இல்லாத அறை அதற்குச் சற்றே குறைவாக இருக்கும். அறை ஒரு டிகிரி ஏறினால் நீரும் சிப்பும் ஏறத்தாழ ஒரு டிகிரி ஏறும். விமர்சனத்தில் 68 டிகிரி என்று போட்டிருந்தால் இங்கே 80-க்கு மேல் என்றே படிக்க வேண்டும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய ரேடியேட்டரும் நீரை அறைக் காற்றைவிடக் குளிராக்காது.

எனவே பணத்தைப் போட வேண்டிய முதல் இடம் ரேடியேட்டரின் பரப்பு. மிதமான வேகத்தில் சுழலும் ஒரு 120 மில்லிமீட்டர் ஃபேனுக்கு உரிய பரப்பு, நீர் காற்றைவிடப் பத்து டிகிரி சூடாக இருக்கும்போது சுமார் 100 வாட்டை வெளியேற்றும் என்பது நடைமுறைக் கணக்கு. 450 வாட் கார்டையும் 150 வாட் பிராசஸரையும் ஒரே சுற்றில் இணைத்தால் ஆறு ஃபேன் பரப்பு தேவை. அதாவது 360 ரேடியேட்டர் இரண்டு. அப்போது 40 டிகிரி அறையில் நீர் 50 டிகிரியில் நிற்கும். கார்டை மட்டும் இரண்டே ஃபேன் கொண்ட 240 ரேடியேட்டரில் விட்டால், அதே ஃபேன் வேகத்தில் நீர் 60 டிகிரியைத் தாண்டப் பார்க்கும். பரவலாகக் கிடைக்கும் பம்புகளுக்கு 60 டிகிரிதான் எல்லை. ஃபேன்களை அலறவிட்டுச் சமாளிக்கலாம்; ஆனால் சத்தம் வேண்டாம் என்றுதானே தண்ணீருக்கே போனது?

ரேடியேட்டர் வெளிக்காற்றை உள்ளே இழுக்கும் பக்கத்தில் இருந்தால் நல்லது. கேபினெட்டுக்குள் ஏற்கெனவே சூடான காற்றை அதன் வழியாக வெளியேற்றினால் சில டிகிரி வீணாகும். ஏ.சி. போட்ட அறையில் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஒரு டன் ஏ.சி. சுமார் 3,500 வாட் வெப்பத்தை அகற்றும்; 600 வாட் கணினி அதில் ஆறில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஏர்கூலரைக் கணினியை நோக்கித் திருப்பி வைப்பது மட்டும் கூடாது. ஈரமும் உப்பு நீர்த் துளியும் போர்டில் படியும்.

தண்ணீர் முறையிலேயே இரண்டு வகை உண்டு. கார்டோடு ரேடியேட்டரும் பம்பும் தொழிற்சாலையிலேயே மூடி வருவது ஒன்று. ஏஎம்டி 2014-ல் வெளியிட்ட ஆர்9 295எக்ஸ்2 அப்படி வந்ததுதான்: இரண்டு சிப், 500 வாட், ஆனால் ரேடியேட்டர் ஒரே ஒரு 120. அதனால் சிப்களின் வெப்ப எல்லையை 75 டிகிரியில் நிறுத்த வேண்டியிருந்தது. இன்றைய மூடிய கார்டுகள் 240 அல்லது 360 ரேடியேட்டரோடு வருகின்றன. இந்த ஊருக்கு 360-ஐத்தான் பார்க்க வேண்டும். பொருத்தும்போது பம்ப் உச்சியில் இருக்கக் கூடாது; காற்றுக்குமிழ் அதில் போய்த் தேங்கும். ரேடியேட்டரின் மேல்பகுதி கார்டைவிட உயரத்தில் இருந்தால் போதும். இவற்றில் நீர் நிரப்ப முடியாது. டியூப் வழியே மெல்ல ஆவியாகி, சில ஆண்டுகளில் அளவு குறையும்.

மற்றது தனித்தனியாக வாங்கிக் கோப்பது. இதில் வாட்டர் பிளாக் அந்தக் கார்டின் போர்டுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். ஒரே 4090-ஐ ஒவ்வொரு நிறுவனமும் வேறு அமைப்பில் செய்கிறது. பெயரைப் பார்த்து வாங்கினால் திருகே சேராது. சிப்பை மட்டுமல்லாமல் மெமரியையும் மின்சுற்றையும் மூடும் முழு பிளாக்தான் வாங்கத் தக்கது. செகண்ட் ஹேண்டில் தேடி வாங்கப்படும் 3090-இல் மெமரி போர்டின் பின்பக்கமும் இருக்கிறது. அந்தப் பக்கத்துக்கும் குளிர்விப்பு வேண்டும். 4090-இல் அந்தத் தொல்லை இல்லை.

பம்பைப் பற்றி அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. நிமிடத்துக்கு ஒரு லிட்டர் ஓடினாலே 450 வாட் நீரை ஆறரை டிகிரிதான் சூடாக்கும். மூன்று லிட்டர் ஓடினால் இரண்டு டிகிரி. அதற்கு மேல் வேகம் கூட்டிப் பயனில்லை. டியூபில் பெட்ஜி என்ற கண்ணாடி போன்ற வகை அழகாக இருக்கும். ஆனால் நீர் 60 டிகிரியை நெருங்கினால் அது இளக ஆரம்பிக்கும். கருப்பு ரப்பர் டியூபுக்கு அந்த அழகு கிடையாது. வெயிலுக்குத் தாங்குவது அதுதான்.

நீரின் விஷயத்தில் சிக்கனம் ஆகாது. வறண்ட வட்டாரத்துப் போர் தண்ணீரின் கால்சியமும் உப்பும் வாட்டர் பிளாக்கின் மயிரிழை வாய்க்கால்களில் வெள்ளையாகப் படிந்து அடைத்துவிடும். குடிநீர் கேன் தண்ணீரிலும் உப்பு முழுவதும் போய்விடுவதில்லை. காய்ச்சி வடித்த நீரில் அரிப்பையும் பாசியையும் தடுக்கும் மருந்து கலந்து ஊற்ற வேண்டும், அல்லது இதற்கென விற்கும் நீர்மத்தையே வாங்க வேண்டும். செப்பு பிளாக்கும் அலுமினிய ரேடியேட்டரும் ஒரே சுற்றில் சேர்ந்தால் அலுமினியம் அரித்துப்போகும். விலை குறைவு என்று அலுமினிய ரேடியேட்டர் வாங்குபவர் இதைக் கவனிப்பதில்லை. கோத்து முடித்ததும் கார்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்பை மட்டும் ஒரு நாள் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பின் கீழும் டிஷ்யூ காகிதம் வைத்துக் கசிவு பார்ப்பது வழக்கம். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை நீர் மாற்ற வேண்டும். புழுதி அதிகமான ஊரில் ரேடியேட்டர் இடுக்குகளை ஓரிரு மாதத்துக்கு ஒருமுறையாவது ஊதித் துடைக்க வேண்டும்.

கார்டின் குளிர்விப்பானைக் கழற்றினால் உத்தரவாதம் போகலாம். வாங்கும்போதே அந்த நிறுவனத்தின் விதியைக் கேட்டுக்கொள்வது நல்லது. உதிரி பாகங்கள் சென்னை ரிச்சி தெருவிலோ ஆன்லைனிலோ கிடைக்கும்; ஆனால் ஒரு ஃபிட்டிங் குறைந்தால் அது வரும்வரை கணினி படுத்திருக்கும். கல்யாண வீடியோ எடிட்டிங் போல நாள் குறித்த வேலை செய்பவர் இதை யோசிக்க வேண்டும்.

செலவே இல்லாத ஒரு வழியும் உண்டு. 4090-இன் மின்வரம்பை மென்பொருளில் 70 சதவீதமாக இறக்கினால் வேகத்தில் குறைவது சில சதவீதம்தான். வெப்பமோ 450 வாட்டிலிருந்து 315-க்கு வந்துவிடும். வையம்பட்டி வெயிலில் ஏ.சி. இல்லாத அறைக்கு, பெரிய ஃபேன் வைத்த காற்றுக் கார்டும் இந்த மின்வரம்பும் போதும். ஏ.சி. இருந்து, சத்தமும் கூடாது என்றால் 360 ரேடியேட்டரோடு மூடி வரும் கார்டை வாங்கலாம். தனித்தனியாகக் கோக்கும் சுற்று, இரண்டு 360 ரேடியேட்டர் வைக்க இடமும் ஆண்டுதோறும் அதைப் பிரித்துக் கழுவப் பொறுமையும் உள்ளவருக்கே.